‘காப்பி ஆயிடுச்சு’ன்னு சொல்லுது, ஆனா ஃபைல் திறக்கல... டிரைவர் அனுப்பும் ‘0’-வில் என்ன சிக்கல்? முழு விளக்கம்

திருவொற்றியூர் தேரடி பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைன்னு வச்சுக்குங்க. காலேஜ் அட்மிஷனுக்கு அன்னைக்குத்தான் கடைசி நாள். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி பென்டிரைவ்ல போட்டுக் கொடுக்குறாங்க. ‘காப்பி முடிந்தது’ என்று திரையில் வருகிறது. வீட்டுக்குப் போய் போட்டுப் பார்த்தா ஃபைல் பேரு மட்டும் இருக்கு. உள்ளே ஒண்ணுமே இல்ல.

‘காப்பி ஆகல’ன்னு அங்கேயே சொல்லியிருந்தா இன்னொரு தடவை போட்டு வாங்கிட்டு வந்திருக்கலாம். ஆக, காப்பி ஆகாதது பாதிப் பிரச்னைதான். ஆகாமலேயே ‘ஆயிடுச்சு’ன்னு சொன்னதுதான் மீதிப் பிரச்னை.

இப்படி நடக்க பல காரணங்கள் உண்டு. அவசரமாகப் பிடுங்கியிருக்கலாம், பென்டிரைவே போலியாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ‘டிவைஸ் டிரைவர்’ என்ற மென்பொருள் அனுப்பும் ஒரே ஒரு எண் சம்பந்தப்பட்டது. அந்த எண்ணை எல்லா டிரைவர்களும் ஒரே மாதிரி அனுப்ப வேண்டும் என்பதற்காக உலகம் முழுக்க புரோகிராமர்கள் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறார்கள். அது என்ன எண், ஏன் இவ்வளவு மெனக்கெடல்? விரிவாகப் பார்க்கலாம்.

டிவைஸ் டிரைவர் என்றால் என்ன?

கேமரா, ஸ்பீக்கர், பிரின்டர், பென்டிரைவ், டச் ஸ்கிரீன் என ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பாஷை. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அத்தனை பாஷையும் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்வதுதான் டிவைஸ் டிரைவர்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்குப் பெயர் கர்னல். ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பது லினக்ஸ் கர்னல். பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கியது. இன்றைக்கு அந்தக் கர்னலின் மொத்த வரிகளில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். எழுதியவர்கள் ஆயிரக்கணக்கானோர். வெவ்வேறு நாடு, வெவ்வேறு நிறுவனம், வெவ்வேறு பழக்கம். சிக்கல் ஆரம்பிக்கிற இடமும் இதுதான்.

‘ரிட்டர்ன் வேல்யூ’ என்பது என்ன?

கர்னல் ஒரு டிரைவரிடம் ‘இதை எழுது’ என்று வேலை கொடுக்கும். வேலை முடிந்ததும் டிரைவர் ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பும். இதுதான் ரிட்டர்ன் வேல்யூ.

லினக்ஸில் பொதுவான வழக்கம் இது: 0 வந்தால் வேலை முடிந்தது. மைனஸ் எண் வந்தால் முடியவில்லை. எந்த மைனஸ் எண் என்பதை வைத்து என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம்.

* மைனஸ் 5: எழுதவோ படிக்கவோ முடியவில்லை
* மைனஸ் 12: மெமரி போதவில்லை
* மைனஸ் 16: கருவி வேறு வேலையில் இருக்கிறது
* மைனஸ் 19: அப்படி ஒரு கருவியே இல்லை
* மைனஸ் 22: கேட்ட கேள்வியே தப்பு
* மைனஸ் 28: இடம் தீர்ந்துவிட்டது

‘மெமரி கார்டில் இடமில்லை’ என்று போன் சொல்கிறதே, அதன் அடியில் இருப்பது இந்த 28-தான். கீழே இருந்து கிளம்பும் இந்த எண் டிரைவர், ஃபைல் சிஸ்டம், கர்னல், ஆப் என்று படிப்படியாக ஏறி வந்து, கடைசியில் மனிதர் படிக்கும் ஒரு வரியாக மாறுகிறது. நடுவில் யாராவது ஒருவர் அதைத் தவறவிட்டால், மேலே இருப்பவருக்கு விஷயமே தெரியாது.

எண் ஒன்று, அர்த்தம் வேறு வேறு

மணலி, எண்ணூர் பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கன்டெய்னர் யார்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு யார்டு ரிஜிஸ்டரில் ‘0’ என்று எழுதினால் ‘சேதம் எதுவும் இல்லை’ என்று அர்த்தம். அடுத்த யார்டில் ‘0’ என்றால் ‘ஒரு பெட்டியும் வந்து சேரவில்லை’ என்று அர்த்தம். இரண்டுமே அந்தந்த இடத்தில் சரிதான். ஆனால் இங்கே வேலை பார்த்தவர் அங்கே மாறிப் போனால்? டிரெய்லர் வரிசையில் நிற்கும்போது கணக்கு தலைகீழாகிவிடும்.

டிரைவர்களிலும் இதே கதைதான். சில ஃபங்ஷன்களில் 0 என்றால் வெற்றி. சிலவற்றில் 0 என்றால் ‘இல்லை’. லினக்ஸின் எழுத்து நடை விதிகளிலேயே இதற்கு ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஃபங்ஷனின் பெயர் ஒரு கட்டளை மாதிரி இருந்தால், உதாரணமாக ‘வேலையைச் சேர்’ என்று இருந்தால், வெற்றிக்கு 0, தோல்விக்கு மைனஸ் எண். பெயர் ஒரு கேள்வி மாதிரி இருந்தால், உதாரணமாக ‘கருவி இருக்கிறதா’ என்று இருந்தால், ஆம் என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0. பெயரைப் பார்த்தே பதிலின் அர்த்தம் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

வேறு ஆபரேட்டிங் சிஸ்டங்களுக்குப் போனால் இதுவும் மாறும். லினக்ஸ் கர்னல் உள்ளுக்குள் மைனஸ் எண்ணை அனுப்பும். ஃப்ரீ பி.எஸ்.டி. கர்னல் அதே பிழையை பிளஸ் எண்ணாக அனுப்பும். விண்டோஸ் டிரைவர்களுக்குத் தனி ‘ஸ்டேட்டஸ்’ எண் முறையே இருக்கிறது. ஒரு சிஸ்டத்தில் இருந்து இன்னொன்றுக்கு டிரைவரை மாற்றி எழுதும்போது இந்த மைனஸ், பிளஸ் விஷயத்தில் கவனம் தப்பினால், தோல்வி வெற்றியாகத் தெரியும்.

ரயில் விளக்கு சொல்லும் பாடம்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்தில் இருந்துதான் கிளம்பியது. அந்தக் காலத்தில் பிரிட்டன், அமெரிக்க ரயில்வேக்களில் ‘போகலாம்’ என்பதற்கு வெள்ளை விளக்கு காட்டும் வழக்கம் இருந்தது. சிவப்பு என்றால் நில்.

அதில் ஓர் ஆபத்து இருந்தது. சிவப்பு விளக்கு என்பது சாதாரண விளக்குக்கு முன்னால் வைத்த சிவப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி உடைந்து விழுந்தால், மிஞ்சுவது வெள்ளை வெளிச்சம். ‘நில்’ என்று சொல்ல வேண்டிய விளக்கு, உடைந்ததால் ‘போகலாம்’ என்று சொல்லும். பின்னாளில் வெள்ளையைக் கைவிட்டு, ‘போகலாம்’ என்பதற்குப் பச்சையைக் கொண்டு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

டிரைவர்களில் ‘0’ என்பது இந்த வெள்ளை விளக்கு மாதிரி. புரோகிராமர் ஆரம்பத்தில் ‘பதில் = 0’ என்று எழுதி வைப்பார். நடுவில் கோளாறு வந்தால் அதை மைனஸ் எண்ணாக மாற்ற வேண்டும். அந்த ஒரு வரியை எழுத மறந்துவிட்டால்? வேலை பாதியில் நிற்கும். ஆனால் கடைசியில் போவது அதே 0. மேலே இருப்பவருக்கு ‘எல்லாம் ஓகே’. டிரைவர்களில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படும் பிழை வகைகளில் இதுவும் ஒன்று.

எவ்வளவு பெரிய பிரச்னை இது?

2008-ம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் 2.6 கர்னலை எடுத்து அலசினார்கள். அதில் இருந்த ஃபைல் சிஸ்டங்கள் அத்தனையும், சேமிப்புக் கருவிகளுக்கான 3 முக்கிய டிரைவர்களும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. கேள்வி ஒன்றுதான்: கீழே வந்த பிழை எண், மேலே வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா?

பிழை எண் கைமாறும் 9,022 இடங்களைப் பார்த்ததில், 1,153 இடங்களில் அது சரியாக வாங்கி வைக்கப்படவில்லை. அதாவது 13 சதவீதம். ஹார்டு டிஸ்க் ‘எழுத முடியல’ன்னு சொல்லியும், நடுவழியில் அந்தச் சேதி தொலைந்து போக வாய்ப்புள்ள இடங்கள் இவை.

10 வருடம் கழித்து, 2018-ல் இதே மாதிரி ஒரு விஷயம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்களை உலுக்கியது. ‘டிஸ்க்கில் எழுதிட்டியா?’ என்று டேட்டாபேஸ் கேட்கிறது. ‘இல்லை, பிழை’ என்று கர்னல் ஒருமுறை சொல்கிறது. சரி என்று மறுபடி கேட்டால் ‘ஓகே’ என்று பதில் வருகிறது. ஆனால் எழுதாமல் போன தகவல் எழுதப்படவே இல்லை. பிழையை ஒரு தடவை சொன்னதோடு கர்னல் கணக்கை முடித்துக்கொண்டது. டேட்டாபேஸோ இரண்டாவது ‘ஓகே’வை நம்பியது. கடைசியில் 2019-ல், அப்படி ஒரு பிழை வந்தால் மறுமுயற்சி செய்யாமல் உடனே நின்றுவிட்டு, பதிவேட்டில் இருந்து மீண்டும் தொடங்கும் வகையில் டேட்டாபேஸை மாற்றினார்கள்.

இரண்டு பக்கமும் தங்கள் வழக்கப்படி சரியாகத்தான் நடந்துகொண்டன. ஒரு பதிலுக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

‘காலி பண்ண மாட்டேன்’ என்ற பதிலை யாரும் கேட்கவில்லை

பதில் எண்களை ஒழுங்குபடுத்தும் வேலையில் சமீபத்திய பெரிய உதாரணம், கருவியைக் கழற்றும்போது நடக்கும் விஷயம்.

பென்டிரைவைப் பிடுங்கினால், ‘உன் வேலை முடிந்தது, எடுத்து வைத்ததை எல்லாம் காலி பண்ணு’ என்று கர்னல் அந்த டிரைவரிடம் சொல்லும். பல ஆண்டுகளாக இதற்கும் டிரைவர் ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இருந்தது. அதனால் சில டிரைவர்கள் ‘இப்போ முடியாது’ என்று மைனஸ் எண்ணை அனுப்பிவிட்டு, பாதி வேலையோடு நின்றுவிடும்.

உண்மை என்னவென்றால், கர்னல் அந்தப் பதிலைக் கண்டுகொள்வதே இல்லை. கருவியைத்தான் ஏற்கெனவே கையில் எடுத்தாச்சே! டிரைவர் ‘முடியாது’ன்னு சொல்லி என்ன பிரயோஜனம்? ஆனால் டிரைவர் எழுதியவர் ‘மறுபடி கூப்பிடுவாங்க’ என்று நம்பியிருப்பார். யாரும் கூப்பிட மாட்டார்கள். விளைவு, பிடித்து வைத்த மெமரி அப்படியே கிடக்கும். நேரம் கெட்டால் சிஸ்டமே முடங்கும்.

இதற்குத் தீர்வாக ஜெர்மனியைச் சேர்ந்த உவே க்ளைனே-கூனிக் என்ற டெவலப்பர் முன்னெடுத்தது எளிமையானது: கேட்காத பதிலை அனுப்பும் வசதியையே எடுத்துவிடுவது. 2021-ல் கர்னலின் பொது அடுக்கில் இந்த மாற்றம் வந்தது. 2022-ல், சென்சார் போன்ற சின்னச் சின்னக் கருவிகளை இணைக்கும் ஐ2சி டிரைவர்களுக்கும், 2024-ல் ‘பிளாட்ஃபார்ம்’ வகை டிரைவர்களுக்கும் வந்தது. நூற்றுக்கணக்கான டிரைவர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ‘இது பிழை அனுப்புதா, அனுப்பினா ஏன்?’ என்று பார்த்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிய பிறகு, தப்பாக எழுத நினைத்தாலும் கம்பைலர் விடாது.

முகவரிச் சீட்டில் வரும் குழப்பம்

சில ஃபங்ஷன்கள் எண்ணைத் தராமல், ‘நீ கேட்டது மெமரியில் இந்த இடத்தில் இருக்கு’ என்று முகவரியைத் தரும். கிடைக்கவில்லை என்றால் என்ன தருவது? இங்கே இரண்டு வழக்கம்.

ஒரு வகை, வெற்றுச் சீட்டைக் கொடுக்கும். இன்னொரு வகை, பிழை எண்ணையே முகவரி மாதிரி வேஷம் போட்டுக் கொடுக்கும். தெருவிலேயே இல்லாத கதவு எண்ணை எழுதிக் கொடுப்பது மாதிரி. இதற்காகவே முகவரி வரிசையின் கடைசியில் 4,095 எண்களை லினக்ஸ் ஒதுக்கி வைத்திருக்கிறது.

இரண்டுமே ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைகள்தான். ஆனால் இரண்டாவது வகை ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு, ‘சீட்டு வெறுமையா இருக்கா?’ன்னு மட்டும் பார்த்தால் போச்சு. சீட்டில் ஏதோ எழுதியிருக்கிறது, முகவரி கிடைத்துவிட்டது என்று நினைத்து அந்த இல்லாத வீட்டைத் தேடிப் போகும். சிஸ்டம் அங்கேயே விழும்.

சரி செய்யப் போய் வம்பான கதை

அப்படியென்றால் எல்லா டிரைவரிலும் எண்களை மாற்றிவிட வேண்டியதுதானே? அவ்வளவு சுலபம் இல்லை என்று காட்டியது 2012 டிசம்பரில் நடந்த ஒரு சம்பவம்.

லினக்ஸ் 3.8 பதிப்பு அப்போது சோதனை நிலையில் இருந்தது. வெப்கேமராக்களுக்கான டிரைவரில் ஒரு திருத்தம். கேமராவில் இல்லாத ஒரு வசதியைக் கேட்டால், முன்பு ‘கேள்வி தப்பு’ என்று போய்க்கொண்டிருந்த பதில், ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று மாறிவிட்டது. பழைய பதிலை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்த புரோகிராம்கள் தடுமாறின. ‘தப்பு அந்தப் புரோகிராம்கள் மீதுதான்’ என்ற ரீதியில் டிரைவர் தரப்பில் இருந்து முதலில் பதில் வந்தது.

டிசம்பர் 23-ம் தேதி லினஸ் டார்வால்ட்ஸ் காட்டமாகப் பதில் எழுதினார். அவர் வாதம் இரண்டு. ஒன்று, ‘ஃபைல் இல்லை’ என்பது ஃபைலைத் தேடும்போது சொல்ல வேண்டிய பதில். ஏற்கெனவே திறந்த கருவியிடம் கேள்வி கேட்கும்போது அந்தப் பதில் வரவே கூடாது. இரண்டு, கர்னலை மாற்றியதால் மக்கள் பயன்படுத்தும் புரோகிராம் நின்றுபோனால், அது கர்னலின் தவறுதான். அவருடைய கடுமையான வார்த்தைகள் இன்று வரை விவாதிக்கப்படுகின்றன. ஆனால் அவர் சொன்ன விதி அப்படியே நிற்கிறது.

இதில் இருந்து கிடைத்த பாடம்: கர்னலுக்கு உள்ளே ஒரு டிரைவரும் இன்னொரு பகுதியும் பேசிக்கொள்ளும் எண்களைத் தாராளமாக ஒழுங்குபடுத்தலாம். ஆனால் வெளியே ஆப்களுக்குப் போகும் எண்ணைத் தொடும்போது, யார் அதை நம்பி இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே தொட வேண்டும்.

இத்தனை டிரைவரையும் கையாலா பார்க்கிறார்கள்?

கையால் மட்டும் பார்த்தால் முடியாது. இதற்கென்று கருவிகள் இருக்கின்றன.

* காக்சினெல்: பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் ஜூலியா லாவால் குழுவினர் உருவாக்கியது. ‘இப்படி எழுதியிருந்தால் இப்படி மாற்று’ என்று ஒரு விதியைக் கொடுத்தால், மொத்தக் கர்னலிலும் தேடிப் பிடித்துத் திருத்தும்.
* ஸ்மாட்ச்: டான் கார்பென்டர் எழுதியது. பிழை நடந்தும் 0 அனுப்பும் இடங்களைச் சந்தேகப்பட்டு எடுத்துக் காட்டும்.
* கம்பைலர் எச்சரிக்கை: ‘இந்தப் பதிலைக் கட்டாயம் பார்க்கணும்’ என்று ஒரு ஃபங்ஷனுக்குக் குறி போட்டுவிட்டால், பார்க்காமல் விடுபவருக்கு எச்சரிக்கை வரும்.

ஆனாலும் கருவி சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. ஓர் இடத்தில் பதிலை வேண்டுமென்றே விட்டிருக்கலாம். அதை முடிவு செய்ய மனிதர்தான் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

‘பாஸ்’ லினக்ஸ் என்ற இந்திய ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். அது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்த்து இந்த ‘பாஸ்’ லினக்ஸும் போட்டுக் கொடுக்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

எங்கோ ஜெர்மனியில் ஒருவர் ஒரு டிரைவரில் திருத்தும் ஒரு வரி, முதலில் லினக்ஸ் கர்னலுக்குள் போகிறது. அங்கிருந்து டெபியன், ஆண்ட்ராய்டு என்று கிளை பிரிந்து, அப்டேட் வழியாகத் திருவொற்றியூரில் ஒருவர் சட்டைப் பையில் இருக்கும் போன் வரைக்கும் வரக்கூடும். இங்கே சென்னையில் ஒரு கல்லூரி மாணவர் அனுப்பும் திருத்தமும் அதே வழியில் உலகம் முழுக்கப் போக முடியும். லினக்ஸ் கர்னலுக்குத் திருத்தம் அனுப்ப யாரிடமும் வேலைக்குச் சேர வேண்டியதில்லை.

பயனாளர்கள் என்ன செய்யலாம்?

* பென்டிரைவ், மெமரி கார்டை ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே எடுங்கள். ‘காப்பி முடிந்தது’ என்று வந்த பிறகும் தகவல் கொஞ்சம் மெமரியிலேயே காத்திருக்கலாம். எஜெக்ட் கொடுத்தால்தான் முழுவதும் எழுதப்பட்டதா என்று சிஸ்டம் சரிபார்க்கும்.
* முக்கியமான ஃபைல் என்றால், கடையை விட்டுக் கிளம்பும் முன் பென்டிரைவைக் கழற்றி மறுபடி போட்டு, ஒரு தடவை திறந்து பாருங்கள்.
* பிழைச் செய்தி வந்தால் உடனே மூடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் எண்தான் ரிப்பேர் பார்ப்பவருக்கு முதல் துப்பு.
* சிஸ்டம் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். டிரைவர் திருத்தங்கள் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன.

புரோகிராமிங் படிக்கும் மாணவர்களுக்கு

* ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அது என்ன திருப்பி அனுப்பும் என்று முதலில் படியுங்கள். பக்கத்து ஃபங்ஷன் மாதிரியே இருக்கும் என்று நினைக்காதீர்கள்.
* கீழே இருந்து வந்த பிழை எண்ணை அப்படியே மேலே அனுப்புங்கள். மைனஸ் 12-ஐ வாங்கி மைனஸ் 22-ஆக மாற்றி அனுப்பினால், மெமரி போதாத பிரச்னையை மேலே இருப்பவர் தப்பான கேள்வி என்று நினைத்துத் தேடுவார்.
* மைனஸ் எண் வரக்கூடிய இடத்தில், மைனஸே பிடிக்காத ‘அன்சைன்டு’ வகையில் பதிலை வாங்காதீர்கள். அப்புறம் ‘0-வை விடக் குறைவா?’ என்ற சோதனை எப்போதும் ‘இல்லை’ என்றே சொல்லும்.

கருவி என்றால் கெட்டுப்போகும், வயர் என்றால் கழன்றுபோகும். அதை எந்த டிரைவராலும் தடுக்க முடியாது. ஆனால் கெட்டுப்போனதைக் கெட்டுப்போச்சு என்று, எல்லோருக்கும் புரியும் ஒரே எண்ணில் சொல்ல முடியும். அட்மிஷனுக்குக் கடைசி நாளில் ஜெராக்ஸ் கடையில் நிற்கும் மாணவிக்குத் தேவையும் அதுதான். ‘காப்பி ஆகல’ன்னு திரையில் ஒரு வரி வந்திருந்தா, கடை மூடுறதுக்குள்ள இன்னொரு பென்டிரைவ் வாங்கியிருப்பாங்க.